முப்பத்தொரு துண்டு

மற்றவர்கள் மீன்பிடித்து முடித்துத் தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் சந்திரவதனா கரைக்கு வந்து சேருவாள். ஆடி மாத வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற இடத்தில் ஆற்றின் வாய் அகன்று, ஏரித் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து, அல்லி இலைகளோடு தேங்கிக் கிடக்கும். அதற்கு மேலே ரயில் பாலம். கார்களில் சாமான் ஏற்றிக்கொண்டு நிற்கிற வெள்ளைக்காரர்கள், பஸ்ஸால் இறங்கி வருகிற இந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார்கள். நாற்பத்திரண்டு வயது. தலையில் அகலத் தொப்பி, உடம்பில் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை, கையில் ஒரு வாளி, தோளில் பழைய யன்னல் சீலையால் தைத்த நீண்ட உறை. அந்த உறைக்குள்தான் தூண்டில் தடி.

"டூ ஹொட்" என்று அவர்களில் ஒருவர் அக்கறையோடு சொல்லுவார். இந்த வெயிலில் பாஸ் மீன் வாய் திறக்காது, விடியற்காலையில் வந்திருக்க வேண்டும் என்று விளக்கமும் தருவார்.

"யெஸ், வெரி ஹொட்" என்று சொல்லிவிட்டு அவள் பாலத்தடிக்கு நடப்பாள்.

விடியற்காலையில் வர அவளுக்கும் ஆசைதான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். சனிக்கிழமை விடிந்தால் வாரம் முழுவதற்குமான சமையல், உடுப்புத் தோய்த்தல். மாலையானால் கோயில், இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் வீட்டுப் பிறந்தநாள். நடுவில் பத்தரையிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான் அவளை யாரும் தேடுவதில்லை. பிள்ளைகள் இருவரும் தங்கள் பாட்டைப் பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். கணவன் குலசிங்கம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பரோடு படுத்துவிடுவார். அந்த மூன்றரை மணி நேரத்தில் கடிக்கிற மீன்தான் அவளுக்கு மீன். மீனுக்கு வசதியான நேரத்தைத் தரத் தன்னால் முடியாது, ஆகவே தனக்கு வசதியான நேரத்தில் மீனைப் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டாள். முடியாது என்று சொன்னவர்களோடு அவள் வாதாடவில்லை. தொடர்ந்து வந்துகொண்டிருந்தாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், அவள் கடலைக் கூடப் பஸ் யன்னலால் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். பிறந்தது கோப்பாயில். வெங்காயமும் புகையிலையும் வைத்த குடும்பம். மீன் வீட்டுக்குச் சைக்கிளில் வரும், அதை வெட்டக் கழுவ அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு சின்ன அப்பார்ட்மென்றில் இருந்தார்கள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் கோடையில், ஹை பார்க்கில் இருக்கிற பெரிய குளத்துக் கரையால் நடந்து வரும்போது, ஒரு செடியில் யாரோ விட்டுப்போன தங்கூசி நூல் பந்து பந்தாகச் சிக்கிக் கிடப்பதைக் கண்டாள். சிக்கு ஒன்றைக் கண்டால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. புல்லில் இருந்து அவிழ்க்கத் தொடங்கினாள். ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. நூல் அறாமல் முழுதாக வந்தது, அதன் நுனியில் ஒரு கொளுக்கியும் ரப்பர் புழுவும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். அல்லி இலைக்குள் அந்தப் புழுவை இறக்கினாள்.

மூன்றாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று அதை இழுத்துக் கொண்டுபோய்விட்டது. நூல் விரலை அறுத்த தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. இழுத்தது என்ன என்று தெரியாமல் அவளால் அன்று இரவு நித்திரை கொள்ள முடியவில்லை. திங்கட்கிழமை லைப்ரரிக்குப் போனாள்.

மாகாண அரசு இலவசமாகக் கொடுக்கிற மீன்பிடி விதிப் புத்தகத்தை அகராதியோடு மூன்று முறை வாசித்தாள். லைசென்ஸ் எடுத்தாள். பாஸ் மீன் ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு முன்னர் பிடிக்கக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறு மீன்தான், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. இந்த ஆறை அவள் ஒரு நாளும் தாண்டியதில்லை. எண்ண முடியாத, இனம் தெரியாத மீனைக் கொண்டுபோகக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. கண் உள்ள யாருக்கும் மீன் தெரியும்தானே என்று அந்த வரியைக் கடந்துவிட்டாள்.

ஸ்காபரோவுக்கு வீடு மாறிய பிறகு ரூஜ் பாலம் அவளுடைய இடமாயிற்று. மீன் தொட்டிக்குள் தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்றை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, கொப்பியில் எழுதினாள். வெளியே வெயில் படுகிற தண்ணீர் இருபத்தேழு. பாலத்தின் நிழலில் இருபத்துநான்கு. கடைசித் தூணுக்குப் பக்கத்தில், ஏரியின் குளிர்ந்த தண்ணீர் அடியால் ஏறி வருகிற இடத்தில், இருபத்தொன்று. உச்சி வெயிலில் பாலத்தின் நிழல் வேறெங்கும் சாயாமல் நேரே பாலத்துக்குக் கீழேயே ஒடுங்கி விழுகிறது. அப்படியென்றால் காலையில் கண்ட இடமெல்லாம் கிடந்த மீன், இப்போது அந்த ஒடுங்கிய நிழலுக்குள்தான் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

நின்றது. ஆனால் கடிக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் ஏழு சனிக்கிழமைகள் வெறும் வாளியோடு வந்தாள்.

எட்டாவது சனிக்கிழமை ஒன்று தற்செயலாக அகப்பட்டது. அதைக் கரையிலேயே வெட்டினாள். பார்க்டேலில் குளத்து மீனை வீட்டில் கழுவிய காலத்திலேயே, லிப்ற் வரைக்கும் மணக்கிறது என்று கட்டிட நிர்வாகம் கதவடியில் கடிதம் போட்டிருந்ததால், மீனைக் கரையிலேயே துப்பரவாக்கிக் கொண்டுபோகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. குடலை எடுத்தவள், இரைப்பை கல்லுப் போல இருப்பதைக் கண்டு அதையும் கீறிப் பார்த்தாள். உள்ளே நண்டுமில்லை றாலுமில்லை என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று, இரண்டு சிறு கொடுக்குகளோடு, பாதி கரைந்து கிடந்தது. கூடவே சிறு கல். அவள் எழுந்துபோய்த் தூணடியில் ஒரு கல்லைப் புரட்டினாள். அதே பிராணி பின்பக்கமாக ஓடி ஒளிந்தது.

அதோடு விஷயம் விளங்கிவிட்டது. வெயில் நேரத்தில் பாஸ் துரத்திப் பிடிக்காது. அது நிழலில் நின்றபடி கல்லிடுக்கில் பொறுக்கித் தின்கிறது. மண்ணிறத்தில் ஒரு ரப்பர் இரையை எடுத்து, கல்லுக்கு மேலால் நடப்பது போல, அரை அங்குலம் இழுத்து, நிறுத்தி, மறுபடி அரை அங்குலம் இழுக்கத் தொடங்கினாள். கடி என்று ஒன்று கையில் தெரியாது. தங்கூசி மட்டும் தண்ணீரில் மெதுவாகப் பக்கவாட்டில் போகும். அப்போது தடியை உயர்த்த வேண்டும். அதன் பிறகு அவள் வெறும் வாளியோடு வந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணலாம். வந்த மீன் ஒவ்வொன்றின் இரைப்பையையும் கீறிப் பார்ப்பது மட்டும் ஓயவில்லை.

தொழிற்சாலையில் அவளோடு ஒரே வரிசையில் நின்றவர் நீக்கிலாஸ், குருநகர் ஆள். பதினைந்து வருடம் கடலுக்குப் போனவர். அவள் இன்னும் வெறும் வாளியோடு திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், மீன்பிடிக்கிறாள் என்று தெரியவந்த அன்று கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நான் இஞ்ச வந்து பிளாஸ்டிக் மூடி எண்ணுறன், கோப்பாய் ஆக்கள் மீன் பிடிக்கினம். உலகம் பிரண்டுதான் போச்சு."

"பகிடி விடாமல் சொல்லும் தம்பி. வெயில் நேரம் மீன் என்ன செய்யும்?"

"கடல் மீனெண்டால் சொல்லுவன். உங்கட குளத்து மீனைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நான் அதைச் சாப்பிடுறதுமில்லை, சேத்து மணம்."

"புளியை விட்டால் ஒரு மணமும் இல்லை."

"அப்ப நீங்களே கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லுங்கோ."

பின்னர் அவள் அந்தக் கொடுக்குப் பிராணியைப் பற்றிச் சொன்னபோது நீக்கிலாஸ் சிரிக்கவில்லை. "வயித்தைப் பார்த்தனீங்களோ!" என்றார். அன்று முழுவதும் மூடி எண்ணிக்கை பிழைத்துக்கொண்டே இருந்தது அவருக்கு.

வீட்டுக்குள் இது அவ்வளவு இலேசாகப் போகவில்லை. குலசிங்கத்தின் அக்கா தவமலர் அஜக்ஸில் புது வீடு வாங்கிப் போனவர், குடும்பத்தில் பெரியவர், அவர் சொல் குடும்பத்தில் கொஞ்சம் உயரமாகவே ஒலிக்கும். தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிறு அவருடைய தொலைபேசி வந்தது. குரல் ரிசீவருக்கு வெளியே கேட்டது.

"தம்பி, உன்ர மனிசி ரூஜ் பாலத்துக்குக் கீழ தடியோட நிக்கிறாளாம். கோயில்ல காணுற ஒரு மனிசி பாலத்தால கோ ரெயினில போகேக்கை கண்டவவாம். தொப்பியும் போட்டுக்கொண்டு! சனம் என்ன கேக்கும்? நீங்கள் ஊரில எந்தப் பகுதி, எந்த ஆக்கள் எண்டு கேக்காதோ?"

சந்திரவதனா ரிசீவரை வாங்கினாள். "மச்சாள், போன கிழமை இஞ்ச வந்து மூண்டு தரம் மீன் குழம்பு விட்டுச் சாப்பிட்டனீங்கள். அதைப் பிடிச்சது எந்த ஆக்கள் எண்டு கேக்கேல்லையே."

"பிடிக்கிறது வேற, தின்னுறது வேற."

"ஏன் வேற எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

அங்கே போன் வைக்கப்பட்டது. குலசிங்கம் சண்டைக்காரர் இல்லை. ஊரில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே ஒரு கட்டிடத்தில் செக்கியூரிற்றி. அரசாங்கக் கடிதம் ஒவ்வொன்றையும் திகதிப்படி கோப்பில் அடுக்கி வைத்திருப்பவர். அக்காவின் மானப் பிரச்சினையை விட அவருக்கு வேறொரு பயம் இருந்தது.

"எங்கட சிற்றிசன் விண்ணப்பம் இன்னும் உள்ளுக்கு நிக்குது, வதனா. உந்தத் தண்ணிக்கரையில ஒரு அதிகாரி வந்து ஏதும் எழுதினானெண்டால்? நீர் பிடிக்கிறதுக்கு நான் குறுக்க நிக்கேல்லை. ஆனால் உம்மட பேரில அரசாங்கக் கடதாசி ஒண்டு வந்தால், அண்டோட தடியை விடவேணும். சத்தியம் பண்ணும்."

விதிப் புத்தகத்தை மூன்று முறை வாசித்தவளுக்கு அதில் பயமிருக்கவில்லை. "ஓம், சத்தியம்" என்றாள். அன்றைக்கு அது அவளுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. சிற்றிசன் பத்திரம் வந்து அதுவும் கோப்புக்குள் போயிற்று. சத்தியம் மட்டும் அப்படியே இருந்தது. தொண்ணூற்றைந்து ஆடி நடுப்பகுதி, மூன்று நாளாக நகரம் வெந்துகொண்டிருந்தது. நிழலிலேயே முப்பத்தாறு. தவமலரின் மகள் துர்க்கா யூனிவர்சிற்றிக்கு எடுபட்டதைக் கொண்டாட, ரூஜ் கரைப் பூங்காவில் நாற்பது பேருக்கு பிக்னிக். "இண்டைக்கு ஒரு நாளைக்கு உந்தத் தடியைக் கொண்டு வராதையும்" என்று மச்சாள் முதல் நாளே சொல்லியிருந்தார்.

சந்திரவதனா கொண்டுபோனாள். சனிக்கிழமை அவளுடைய நாள். பிக்னிக்தான் அவளுடைய இடத்துக்கு வந்திருந்தது.

பதினொரு மணிக்கு, ஆண்கள் அடுப்பு மூட்டிக்கொண்டும் பெண்கள் றோல்ஸ் அடுக்கிக்கொண்டும் நின்றபோது, அவள் பாலத்தடிக்குப் போனாள். அந்த வெப்பத்தில் ஏரியின் மேல் ஒரு படகு கூட இல்லை. கடைசித் தூணடியில் அரை அங்குலம், அரை அங்குலமாக இழுத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு. ஆறாவது நல்ல பெரிது, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வந்தது. ஆறு ஆனதும் தடியை உறைக்குள் வைத்தாள்.

பூங்காவின் ஒதுக்குப்புறத்தில், இலவசத் தமிழ்ப் பத்திரிகையை விரித்துக் குந்தியிருந்து வெட்டினாள். செதிலும் குடலும் ஒரு பைக்குள். தலை, நடுத்துண்டு, வால், எல்லாம் பால் வாங்குகிற பெரிய பிளாஸ்டிக் பைக்குள். இந்த வெயிலில் மீன் ஒரு மணி நேரம் தாங்காது. ஆகவே கையோடு கொண்டுவந்த உப்பையும் மஞ்சளையும் போட்டுப் பிரட்டி, கோழி இறைச்சி கிடந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். நான்கு வருடமாக அவள் செய்து வருவதுதான் இது.

கை கழுவிவிட்டுத் திரும்ப, பச்சைச் சட்டை போட்ட மீன்பிடி அதிகாரி ஒருவர் புல்வெளியால் நேரே வந்துகொண்டிருந்தார். இளம் ஆள், மூக்கு வெயிலில் வெந்து உரிந்திருந்தது. மரத்தில் சாய்த்திருந்த உறையைப் பார்த்தார். லைசென்ஸ் கேட்டார். அவள் பேர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மீன் பிடித்தாயா என்று கேட்டார். பிடித்தேன், ஆறு பாஸ் என்றாள். காட்டு என்றார்.

அவள் பையைத் திறந்தாள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். உள்ளே மஞ்சளாக ஒரு குவியல். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொருமுறை பார்த்தார்.

"வட் இஸ் திஸ்?"

"பாஸ்."

"வை இஸ் இற் யெலோ?"

பின்னால் நாற்பது பேரும் வந்து வட்டம் போட்டுவிட்டார்கள். "குழம்பு கொதிச்ச பிறகு வந்திருக்கலாம் உவர்" என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்து, தவமலர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அதிகாரி கோபப்படவில்லை. நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். இது என்ன மீன் என்று தனக்குத் தெரியாது. எத்தனை மீன் என்றும் தெரியாது. இந்தப் பைக்குள் பத்து மீனும் இருக்கலாம். தடியையும் மீனையும் எடுத்துக்கொண்டு, குற்றம் எழுதி, கோர்ட்டுக்கு வரச் சொல்லித் திகதி தர வேண்டியிருக்கும்.

கோர்ட் என்ற சொல் குலசிங்கத்தின் முகத்தில் விழுந்ததைச் சந்திரவதனா கண்டாள். தவமலரின் முகத்தில் அது வேறு மாதிரி விழுந்தது. இவ்வளவு நாளும் தான் சொல்லி வந்தது நடந்துவிட்டது என்கிற முகம்.

துர்க்கா பக்கத்தில் வந்தாள். "மாமி, ஹீ இஸ் சேயிங், எத்தினை மீன் எண்டு கவுன்ற் பண்ண ஏலாதாம். லைக், பத்தும் இருக்கலாமாம். நான் கதைக்கட்டே?"

"எனக்கு விளங்கினது பிள்ளை. என்ர மீன். நானே கதைக்கிறன்." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "சேர், ரென் மினிற்ஸ். ஐ ஷோ யூ சிக்ஸ்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"மச்சாள், அந்த றோல்ஸ் தட்டை எடுங்கோ."

"ஏனாம்?"

"மேசை வேணும்."

"விசரே உமக்கு? வெள்ளைச் சீலை விரிச்ச மேசை! சாப்பாட்டு மேசையில..."

"சாப்பாடுதானே வைக்கப் போறன்."

தவமலர் அசையவில்லை. சந்திரவதனா றோல்ஸ் தட்டையும் தர்ப்பூசணியையும் கேக் பெட்டியையும் தானே தூக்கிப் புல்லில் வைத்தாள். குடிதண்ணீர் நிரப்பிய பெரிய கானை இழுத்து, வாளிக்குள் பையைக் கவிழ்த்து, மஞ்சள் போகுமட்டும் இரண்டு தண்ணீர் கழுவினாள். வெள்ளையும் பச்சையுமாகத் துண்டுகள் வெளியே வந்தன.

முதலில் தலைகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையின் ஒரு கரையில் வரிசையாக வைத்தாள். ஒன்று, இரண்டு, என்று ஆங்கிலத்தில் உரத்து எண்ணினாள். ஆறு. ஒரு தலையின் வாயை விரலால் திறந்து, மேல்தாடை கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் போவதைக் காட்டினாள். பாஸ் இனத்தில் பெரிய வாய்க்காரன் இது, வேறு மீனுக்கு இப்படி வராது என்று விதிப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. அதிகாரி தலையை ஆட்டினார்.

"வை டிட் யூ கீப் த ஹெட்ஸ்?" அவர் அந்தக் கரையில் கண்ட மீன்காரர்கள் சதையை மட்டும் சீவி எடுத்துவிட்டுத் தலையை எறிகிறவர்கள்.

"ஹெட் இஸ் த பெஸ்ற் பார்ற்" என்றாள் அவள், இதைக் கூடவா கேட்பார்கள் என்கிற குரலில்.

அடுத்தது வால்கள். மறு கரையில் ஆறு. இனி நடு. அந்த மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். வெட்டிய துண்டைச் சரியான இடத்தில் வைத்தால் பட்டை முறியாமல் தொடரும், பிழையான இடத்தில் வைத்தால் படி ஏறி இறங்கும். அவள் ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்து, வெட்டுவாயைப் பார்த்து, முள்ளின் பருமனைப் பார்த்து, பட்டையோடு பட்டையைப் பொருத்தினாள். ஒரு மீனுக்கு மூன்று நடுத்துண்டு. அது அவளுடைய அளவு, குடும்பத்தில் யாருக்கும் பெரிதும் சிறிதும் என்று வராத அளவு. முதல் மீன் உருவாகியது. இரண்டாவது. அதுவரை மூக்கைச் சுளித்து நின்ற பெண்கள் கிட்டே வந்துவிட்டார்கள்.

"அது அங்க இல்லை அன்ரி, மற்றதுக்கு" என்றான் யாரோ ஒருவரின் மகன். அவள் கேட்கவில்லை. அந்தத் துண்டு அங்கேதான்.

ஆறு மீனும் மேசையில் முழுதாகக் கிடந்தன. அதிகாரி விரலால் எண்ணினார். பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

வாளிக்குள் இன்னும் ஒரு துண்டு கிடந்தது.

அவர் அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார். ஆறு மீனுக்கு முப்பது துண்டு. முப்பத்தொன்றாவது துண்டு எந்த மீனுடையது?

"ஏழோ?" என்று தவமலர் கேட்டார். "ஏழு பிடிச்சனீரோ?"

சந்திரவதனா மேசையைத் திரும்பப் பார்த்தாள். வியர்வை தொப்பிக்குள்ளால் இறங்கிக் கண்ணில் எரிந்தது. ஏழாவது தலை இல்லை, ஏழாவது வால் இல்லை. தான் ஆறுக்கு மேல் பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது தெரிய வேண்டியவருக்குத் தெரிய வேண்டும். அவள் அவசரப்படவில்லை. அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பருமனான துண்டு. நடுமுள் பெரிது. மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மீனின் பட்டையையும் குனிந்து பார்த்தாள். ஐந்தாவது வரைக்கும் பட்டை நேராகப் போயிற்று. ஆறாவதில், அந்தப் பெரிய மீனில், இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவது துண்டுக்கும் இடையில் பட்டை ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. மூன்று துண்டு போட்டால் மிகப் பெரிதாக வருமென்று இதை மட்டும் நான்காகப் போட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது துண்டையும் வாலையும் பின்னுக்குத் தள்ளி, இடைவெளி விட்டு, துண்டை அதற்குள் வைத்தாள்.

பட்டை தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே கோடாக ஓடியது.

"சிக்ஸ்" என்றாள்.

அதிகாரி தன் அளவு கோலை எடுத்து அந்தப் பெரிய மீனை அளந்தார். விதிக்காக இல்லை, அதன் நீளத்தை அறியும் ஆசையில். பத்தொன்பதரை அங்குலம். இந்த வெயிலில், இந்த நேரத்தில், எங்கே பிடித்தாய் என்று கேட்டார். பாலத்தடியில் என்றாள். எப்படி என்று கேட்டார். "சாட்டர்டேஸ், மெனி சாட்டர்டேஸ்" என்றாள்.

அவர் சிரித்தார். ஆனால் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார். தடியை எடுக்க மாட்டேன், கோர்ட்டும் இல்லை. ஆனால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை தர வேண்டும். இனிமேல் வீட்டுக்குப் போகுமட்டும் மீன் முழுதாக இருக்க வேண்டும் என்றார்.

"ஹெட்ஸ் ஆர் தெயர். எனிபடி கான் சீ" என்றாள் சந்திரவதனா.

மஞ்சளுக்குக் கீழே தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார் அவர். அவள் ஒரு கணம் யோசித்தாள். நியாயம்தான். மஞ்சள் தன்னுடைய பிழை என்று ஒத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றையும் ஒத்துக்கொள்ளாமல், கடதாசியை வாங்கி, நாற்பது பேரும் வெயிலில் நிற்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். மீன் துண்டுகள், எண்ணிக்கை தெரியாது என்று எழுதியிருந்தது.

"நோ. ரைற் சிக்ஸ்."

அவர் அவளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். எழுதியதை வெட்டிவிட்டு ஆறு பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிகாரியின் கார் பூங்காவை விட்டுப் போயிற்று. பிறகு தவமலர் தம்பியைப் பார்த்தார். "கடதாசி வந்திட்டுது. என்னடா பேசாமல் நிக்கிறாய்? என்ன சொல்லிச் சத்தியம் வாங்கினனி?"

குலசிங்கம் கடதாசியை வாங்கி, கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். "இது குற்றப் பத்திரம் இல்லை, அக்கா. வெறும் எச்சரிக்கை. சட்டப்படி பார்த்தால் இதைக் கடதாசி எண்டு..."

"வேண்டாம், இஞ்சேருங்கோ" என்றாள் சந்திரவதனா. "கடதாசிதான். என்ர பேர் கிடக்குது, அரசாங்க முத்திரை கிடக்குது. வந்தால் விடுவன் எண்டு சத்தியம் பண்ணினதும் உண்மைதான். அதை இப்ப முறிக்கிறன். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ, பிறகு ஒருத்தரும் போனில சொல்லத் தேவையில்லை."

"சத்தியத்தை முறிக்கிறதெண்டு வாயால சொல்லுறாள் பார்!" என்றார் தவமலர்.

"ஒளிச்சு முறிக்கேல்லையே மச்சாள். அப்படி ஒரு சத்தியத்தை நான் பண்ணியிருக்கக் கூடாது. அது என்ர பிழை, மஞ்சள் மாதிரி. மீன் பிடிச்சது பிழையில்லை." மரத்தில் சாய்ந்திருந்த தடியைக் காட்டினாள். "எடுக்க வேணுமெண்டு நினைக்கிறவை எடுத்துக்கொண்டு போங்கோ. திங்கட்கிழமை நான் வேற வாங்குவன்."

தவமலர் குலசிங்கத்தைப் பார்த்தார். குலசிங்கம் தடியைப் பார்த்தார். ஒரு அடி வைத்தார். பிறகு கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேசைக்குப் பக்கத்தில் போய், அந்தப் பெரிய மீனைக் குனிந்து பார்த்தார்.

"பத்தொன்பதரை எண்டே சொன்னவன்?"

"ஓம்."

"உதை இஞ்ச வெயிலில வைச்சிருந்தால் பழுதாப் போம், வதனா. நான் ஐஸுக்குள்ள வைக்கிறன். மஞ்சள் போடாமல்."

அவர் ஒவ்வொரு மீனாகத் துண்டுகள் கலையாமல் தனித்தனிப் பையில் போடத் தொடங்கினார். தவமலர் மேசைச் சீலையில் பரவிய மஞ்சள் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி ஒன்று இருபது. அன்றைக்கு அவளுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஆறும் பிடித்தாயிற்று. இனி அகப்படுகிறதைத் திருப்பித் தண்ணீருக்குள் விட வேண்டும், ஆனால் தூண்டில் எறியக் கூடாது என்று விதி இல்லை. சந்திரவதனா தொப்பியைச் சரி செய்துகொண்டு தடியைத் தோளில் போட்டாள். நாற்பது பேருக்கும் நடுவால் நடந்து, கொதிக்கிற மணலைக் கடந்து, பாலத்தடிக்குப் போனாள். இன்னும் இரண்டு அகப்பட்டன. சூடான தண்ணீரில் களைத்த மீன் சட்டென்று போகாது. இரண்டையும் நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பி, செவுள் நன்றாக அடிக்குமட்டும் இரு கையாலும் பிடித்திருந்து, பிறகு போகவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை முப்பத்திரண்டு பாகை. அவள் பத்தரை பஸ்ஸில் ஏறினாள்.